கடல்கடந்தார் எழுப்பிய குலமனை

பிறந்த மண்ணை விட்டுப் பிறநாடு செல்வோன் முதலில் எண்ணுவது பொருளை. அதன்பின் எண்ணுவது நோயை. இறுதியாக, இரவின் தனிமையிலே அவன் எண்ணுவது மரணத்தை. அந்நிய நாட்டில் பாயிற் கிடந்தால் கஞ்சி காய்ச்சித் தருபவர் யார்? இறந்தால் உடலைச் சுமந்து சென்று அடக்குபவர் யார்? ஆண்டுதோறும் பேர் சொல்லி ஒரு விளக்கேற்றுபவர் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்சீனத்தின் கரையோரக் கிராமங்களிலிருந்து கப்பலேறிய பல்லாயிரவரை வாட்டிய வினாக்கள் இவை. இவற்றுக்கு அவர்கள் கண்ட விடையே 'கொங்சி' என வழங்கும் குலமனையாகும்.

கொங்சி என்ற சொல்லுக்குப் பலர் கூடிப் பொதுவில் நடத்தும் கூட்டு முயற்சி என்பது பொருள். அச்சொல் மலாய் மொழியிலும் புகுந்து, பகிர்ந்துகொள்ளுதல் என்ற கருத்தில் இன்றும் நாள்தோறும் மக்கள் நாவில் வழங்குகின்றது. ஒரே குலப்பெயர் தாங்கியோர் ஒன்றுகூடி, ஆளுக்குச் சிறிது பொருள் இட்டு, அப்பொருளைக் கொண்டு கோயிலும் வீடும் எழுப்பி, ஒருவர் துன்பத்தை மற்றவர் பகிர்ந்துகொள்ள ஏற்படுத்திய அமைப்பு அது. இத்தகைய குலமனைகள் தென்கிழக்காசியாவின் துறைமுக நகரங்கள் பலவற்றில் உள்ளன. அவற்றுள் அழகாலும் பெருமையாலும் முன்னிற்பது மலேசியாவின் பினாங்குத் தீவிலே, ஜோர்ஜ் டவுன் நகரில் அமைந்துள்ள கூ கொங்சி. சீன மொழியில் அதன் பெயர் லியோங் சான் தோங். டிராகன் மலை மண்டபம் என்று அதனைத் தமிழிற் கூறலாம்.

பினாங்கு என்ற பெயர் இலங்கைத் தமிழருக்குப் புதிதன்று. மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை தேடி யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற ஒரு தலைமுறையினர் பலர், முதன்முதலாக அந்நாட்டு மண்ணை மிதித்தது அத்துறைமுகத்திலேதான். இன்று குலமனையைக் காணச் செல்லும் பயணி கடந்து செல்லும் வீதிகளிலும் தமிழின் சுவடுகள் உண்டு. 1833ஆம் ஆண்டில் எழுந்த மகா மாரியம்மன் கோயில் ஒருபுறம்; தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஒருபுறம்; 1808ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆச்சே வீதிப் பள்ளிவாசல் இன்னொருபுறம். இவை அனைத்தும் நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளன. பிழைக்க வந்த ஒவ்வோர் இனமும் தன் தெய்வத்துக்கு ஓர் இல்லம் அமைத்த பின்னரே தனக்கு நிலையான இல்லம் அமைத்துக்கொண்டது என்பதற்கு அந்நகரம் சான்றாகும்.

1786ஆம் ஆண்டிலே பிரான்சிஸ் லைட் என்பவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் பொருட்டுப் பினாங்கைக் கைக்கொண்டார். துறைமுகம் வளர்ந்தது. மிளகும் வெள்ளீயமும் அரிசியும் அங்கே கைமாறின. வணிகம் வளர்ந்த இடத்துக்கு மக்கள் வந்தனர். சீனத்தின் புஜியன் மாகாணத்திலே சின் காங் என்னும் கிராமத்திலிருந்து வந்த கூ குலத்தவரும் அவர்களுள் ஒரு பகுதியினர். 1835ஆம் ஆண்டில் அக்குலத்தவர் 102 பேர் ஒன்றுகூடி, தம் ஊர்த் தெய்வங்களின் வழிபாட்டுக்காக ஒரு பொதுநிதியைத் தொடங்கினர். பின்னர் நிலம் வாங்கினர். 1851ஆம் ஆண்டில் அந்நிலத்திலிருந்த வீடே அவர்களின் முதலாவது குலமனையாயிற்று. செல்வர் ஒருவர் அளித்த கொடையன்று அது. பலருடைய சேமிப்புத் திரண்டு உருவான பொதுச்சொத்து.

குலமனையை நோக்கிச் செல்பவர் பெருவீதியில் நின்று பார்த்தால் அதனைக் காணமாட்டார். வரிசையாக நிற்கும் கடைவீடுகளுக்கிடையே, இருவர் அல்லது மூவர் ஒருங்கே நடக்கத்தக்க குறுகிய ஒழுங்கையொன்று திறந்திருக்கும். அதனுட் புகுந்து நடந்தால், எதிர்பாராத வகையிலே கருங்கற் பாவிய அகன்ற முற்றம் ஒன்று விரியும். அம்முற்றத்தின் ஒருபுறம் குலமனை; அதற்கு நேரெதிரே கூத்து அரங்கு; சூழவும் வரிசை வீடுகள். வழிதவறி நகரத்திலிருந்து ஒரு கிராமத்துக்குள் வந்துவிட்டோமோ என்ற மயக்கம் காண்போருக்கு ஏற்படும்.

இவ்வமைப்பு அழகுக்காக ஏற்பட்டதன்று, அச்சத்தால் ஏற்பட்டது. ஒழுங்கைகளின் வாயில்களை அடைத்துவிட்டால் உள்ளிருப்போர் ஒரு கோட்டைக்குள் இருப்போராவர். அதற்குத் தேவையும் இருந்தது. 1867ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பினாங்கின் இரகசியச் சங்கங்களுக்கிடையே மூண்ட கலகம் ஏறத்தாழப் பத்து நாள் நகரை நடுங்கச் செய்தது. ஒருபுறம் கீ ஹின் சங்கம். மறுபுறம் ஹொக்கியன் மக்களின் கியன் தெக் சங்கம். மலாய், இந்திய முஸ்லிம் மக்களிடையே இருந்த வெள்ளைக்கொடி, செங்கொடிச் சங்கங்களும் இருபக்கமாகப் பிரிந்து நின்றன. கியன் தெக் சங்கத்தின் தலைவராயிருந்த கூ தியன் தெக், இந்தக் குலத்தவரே. அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டுப் பின்பு அது சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. குலமனையை அடுத்துள்ள வீதி இன்றும் பீரங்கி வீதி என்றே பெயர் பெற்றுள்ளது. அக்கலகத்தில் வெடித்த பீரங்கியின் நினைவே அப்பெயருக்குக் காரணம் என்பர். உறவினரைக் காத்த கையே அயலாரை அடிக்கவும் ஓங்கியது என்ற உண்மையையும் அக்கற்கள் அறியும்.

எனினும், கலகத்தின் பத்து நாளைக் கொண்டு மட்டும் குலமனையை மதிப்பிடுதல் நேரிதன்று. ஏனைய நாட்களில் அது செய்த பணிகள் வேறு. புதிதாகக் கப்பலில் வந்திறங்கியவன் தன் ஊரையும் குலத்தையும் கூறினால் தங்க இடம் கிடைத்தது. வேலைக்கு வழிகாட்டுவார் கிடைத்தனர். குலத்துக்குச் சொந்தமான வீடுகளின் வாடகை பொதுநிதியைச் சேர்ந்தது. அந்நிதி பிள்ளைகளின் கல்விக்கும் வழிபாட்டுக்கும் பயன்பட்டது. உறவினருக்குள் எழுந்த வழக்குகளை மூத்தோர் பேசித் தீர்த்தனர். அந்நிய அரசின் நீதிமன்றத்தை நாடாமலே தீர்ந்த பிணக்குகள் பல. இவ்வரவணைப்புக்கு எல்லைகளும் இருந்தன. குலவரிசை தந்தைவழியே சென்றது. மணமான மகள் கணவன் குலத்தைச் சேர்ந்தவளானாள். குலப்பெயர் ஒன்றாய் இல்லாதவனுக்கு அவ்வாயில் எளிதில் திறக்கவில்லை.

இனி, கட்டடத்தின் கதையைக் கேட்கலாம். குலம் செழித்தபோது, பழைய மனை சிறியதெனத் தோன்றிற்று. பெரும்பொருள் செலவிட்டு, காண்போர் வியக்கும் வண்ணம் புதிய மாளிகை எழுப்பினர். அது நிறைவெய்திய சிறிது காலத்திலேயே, 1901ஆம் ஆண்டளவில், தீக்கு இரையாயிற்று. சீனச் சக்கரவர்த்தியின் அரண்மனைக்கு நிகராகக் கட்டியமையால் தெய்வங்கள் சினந்தன என்று மக்கள் பேசிக்கொண்டனர். தீயின் காரணம் எதுவாயினும், குலத்தவர் அதிலிருந்து ஒரு பாடம் கற்றனர். மீண்டும் கட்டினர்; ஆனால் முன்னையதிலும் அடக்கமாகக் கட்டினர். 1906ஆம் ஆண்டில் நிறைவேறிய அம்மனையே இன்று நிற்பது. அடக்கமானது எனக் கூறப்படும் இதனைக் காண்போர், எரிந்துபோனது எவ்வாறிருந்திருக்குமோ எனத் திகைப்பர்.

சீனக் கோயில்கள் பெரும்பாலும் தரையோடொட்டி அமைவன. இம்மனையோ மலாய் வீட்டைப்போல உயர்ந்து, மேற்றளத்தில் வழிபாட்டு மண்டபங்களையும் கீழ்த்தளத்தில் அலுவல்களுக்கான இடங்களையும் கொண்டு நிற்கின்றது. முகப்பிலே படிகளேறிச் சென்றால் கற்றூண்களும் கற்சிற்பங்களும் எதிர்கொள்ளும். வாயிற்காவலராகச் சீக்கியர் உருவங்கள் கல்லில் அமைந்திருப்பதும் அங்குள்ள விந்தைகளுள் ஒன்று. அக்காலத்துப் பினாங்கில் செல்வர் வீட்டு வாயில்களிற் சீக்கியரே காவல்புரிந்தனர். சிற்பி கண்டதைக் கல்லில் வடித்தான்.

மேலே நோக்கினால் கூரையின் முகட்டிலே டிராகன்களும் பறவைகளும் மலர்களும் மனித உருவங்களும் பலநிறத்தில் ஒளிர்கின்றன. இவை வர்ணம் தீட்டிய சிற்பங்களல்ல. நிறமேற்றிச் சுட்ட பீங்கான் கிண்ணங்களைக் குறட்டினால் துண்டு துண்டாக வெட்டி, இதழாகவும் செதிளாகவும் இறகாகவும் அமைத்து, சுண்ணச்சாந்தில் ஒவ்வொன்றாகப் பதித்து உருவாக்கியவை. மழையும் வெயிலும் மாறிமாறி வாட்டும் நாட்டில் வர்ணம் விரைவில் மங்கும். பீங்கானின் நிறம் மங்காது. உடைந்த கிண்ணத்தைக் கொண்டு உடையாத அழகைப் படைத்த கலை அது.

மண்டபங்கள் மூன்று. நடுவிலே குலதெய்வங்களான ஓங் சூன் யாவும் துவா சாய் யாவும் வீற்றிருக்கின்றனர். இவர்கள் பழங்காலச் சீனத்தில் வாழ்ந்து, பின்னர் தெய்வமாகப் போற்றப்பட்ட தலைவர்கள் என்பது மரபு. ஒருபுறத்து மண்டபம் செல்வத்தின் தெய்வத்துக்கு உரியது. மற்றைய மண்டபத்தில் முன்னோரின் பெயர் பொறித்த மரப்பலகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பெற்றோரைப் பேணிய பிள்ளைகளைப் பற்றிய புகழ்பெற்ற 24 சீனக் கதைகளும் மனையிலே சித்திரிக்கப்பட்டுள்ளன. நுளம்பு வலை வாங்க வழியில்லாத சிறுவனொருவன், பெற்றோரைக் கடிக்காதிருக்கவேண்டித் தன் உடலை நுளம்புகளுக்குக் கொடுத்துக் கிடந்த கதை அவற்றுள் ஒன்று.

சுவர்களிலே பொன்னெழுத்துப் பலகைகள் பல உள்ளன. பழையவற்றிற் பட்டங்களும் பதவிகளும் பெற்றோர் பெயர் காணப்படும். புதியவற்றில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற வைத்தியர், சட்டத்தரணி முதலியோர் பெயர்கள் உள்ளன. ஒரே கூரையின் கீழ் ஒரு மண்டபம் இறந்தோரின் பெயரைத் தாங்க, சுவர்கள் வாழ்வோரின் பெயரைத் தாங்குகின்றன. கப்பலேறியவனை வாட்டிய அந்த இறுதி வினாவுக்கு, பேர் சொல்பவர் யார் என்ற வினாவுக்கு, இம்மரப்பலகைகளே விடை.

இத்தகைய கட்டடத்தைப் பேணுதல் எளிய செயலன்று. இரண்டாம் உலகப்போரிற் சேதமுற்ற மனை, 1950களில் பழுதுபார்க்கப்பட்டது. நூற்றாண்டின் இறுதியிலே தொடங்கி 2001ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய பெரும் புனருத்தாரணம் அதற்குப் புதிய பொலிவை அளித்தது. பழைய செங்கற் சுவர்களைத் திருத்துவோர் முதலில் அறியவேண்டியது சுண்ணாம்பின் தன்மையாகும். நிலத்தின் ஈரம் செங்கல் வழியே மேலேறும். சுண்ணச்சாந்து பூசிய சுவர் அவ்வீரத்தைக் காற்றிலே விட்டுவிடும். பலம் வேண்டிச் சீமெந்து பூசினால், வெளியேற வழியின்றி ஈரம் உள்ளே தங்கும். அதனோடு வரும் உப்பு செங்கல்லை அரிக்கும். புதிய பொருளால் பழையதைக் காக்க முயல்பவன் அதனை அழித்துவிடவும் கூடும். பழையவர் கையாண்ட பொருளையும் முறையையும் கற்று, அவ்வழியிற் செல்வதே புனருத்தாரணத்தின் அறம்.

2008ஆம் ஆண்டில் ஜோர்ஜ் டவுனும் மலாக்காவும் ஒருங்கே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. இப்போது உல்லாசப் பயணிகள் கட்டணம் செலுத்திக் குலமனையைக் காண்கின்றனர். கீழ்த்தளம் குலத்தின் வரலாற்றைக் கூறும் நூதனசாலையாக விளங்குகின்றது. ஆயின், கட்டடங்கள் பொலிவுபெற்ற அதே காலத்தில் நகரம் வேறொன்றை இழந்தது. போருக்கு முற்பட்ட வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நீங்கியது. வாடகை உயர்ந்தது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்களும் சிறு தொழிலாளரும் பழைய நகரை விட்டு அகன்றனர். அவர்கள் வாழ்ந்த வீடுகள் பல தங்குவிடுதிகளாகவும் தேநீர்க் கடைகளாகவும் மாறின. சுவரைத் திருத்தச் சுண்ணாம்பு உண்டு. கலைந்த அயலைத் திருத்தச் சாந்து எங்கே கிடைக்கும்?

அவ்வாறாயினும், குலமனை வெறுங்கூடாகிவிடவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் மாத அளவில் வரும் செங் பெங் என்னும் முன்னோர் வழிபாட்டுக் காலத்திலே குலத்தவர் அங்கே கூடுகின்றனர். கையில் ஊதுவத்தி ஏந்தி முன்னோர் பெயர்ப்பலகைகளின் முன் நிற்கின்றனர். அன்று அங்கே செல்லும் பயணி, பீங்கான் டிராகன்களைப் பார்த்தது போதும் எனக் கண்களைக் கீழே இறக்கி, அந்த மனிதர்களைச் சற்று நேரம் பார்த்தல் நன்று. தாம் ஒருநாளும் கண்டிராத ஒரு கிராமத்தின் பெயரை அவர்கள் இன்னும் மறக்கவில்லை. 102 பேர் பொருள் இட்டுக் கட்ட விரும்பியது அந்நினைவைத்தான். கல்லும் மரமும் பீங்கானும் அந்நினைவுக்கு அமைந்த கூரை மட்டுமே. கூரையைக் காக்க அரசும் கைவினைஞரும் உதவலாம். நினைவைக் காப்பது, ஊதுவத்தி ஏந்தி நிற்கும் அக்கைகளின் பொறுப்பு.