மரமும் மெருகும்

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் மலையை விட்டிறங்கும் தாமிரபரணி, சமவெளியில் சற்றுத் தொலைவு நடந்ததும் அம்பாசமுத்திரத்தை அடைகிறது. வயலும் வாழையும் சூழ்ந்த அவ்வூர், சொப்புச் சாமான்களுக்குப் பெயர் பெற்றது. அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, குடம் என ஒரு சமையலறைக்கு வேண்டிய யாவும் உள்ளங்கையில் அடங்கும் அளவில் அங்கே மரத்தில் கடைந்தெடுக்கப் பெறுகின்றன. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும் அவற்றை விரும்பாத குழந்தைகள் இல்லை எனலாம். கைபட்டுக் கைபட்டுப் பழகிய பின்னும் அவற்றின் பளபளப்பு எளிதில் மங்குவதில்லை. அந்தப் பளபளப்பின் பெயரே மெருகு.

மெருகு அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. மரம் உயிரோடு நின்ற காலத்தில் நீரைக் கடத்திய நுண்குழாய்கள், அது பலகையான பின்னும் அதனுள் இருக்கின்றன. மழைக்காலத்தில் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. கோடையில் ஈரத்தை இழந்து சுருங்குகிறது. உப்புதலும் சுருங்குதலும் மாறி மாறி நிகழ்வதால் பலகை வளைகிறது, வெடிப்பும் காண்கிறது. வெடிப்பில் அழுக்கும் பூஞ்சையும் குடிபுகுகின்றன. மரத்தின் மேல் மெல்லிய தோல்போல் படிந்து, ஈரத்தின் போக்குவரவைத் தணிப்பதே மெருகுப் பூச்சின் முதற்பணியாகும்.

அம்பாசமுத்திரத்துக் கைவினைஞர் இப்பணிக்குத் தொன்றுதொட்டுக் கையாளும் பொருள் அரக்கு. பாரதக் கதையில் வரும் அரக்கு மாளிகையை மாணவர் அறிவர். அரக்கு என்பது ஒருவகைச் சிறு பூச்சி, பலாசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் வாழ்ந்து சுரக்கும் பிசின். அதனை ஆராய்வதற்கென்றே 1924-ஆம் ஆண்டில் ராஞ்சி நகருக்கருகில் ஒரு நிலையம் நிறுவப்பெற்றது. இந்தப் பிசினை உருக்கி, வண்ணம் கலந்து, சிறு கோல்களாகத் திரட்டி வைத்துக் கொள்வர். கடைசல் இயந்திரத்தில் மரத்துண்டு விரைந்து சுழலும்பொழுது அரக்குக் கோலை அதன்மேல் அழுத்திப் பிடிப்பர். உராய்வினால் வெப்பம் பிறக்கும். அவ்வெப்பத்தில் அரக்கு இளகி, மரத்தின் மேல் ஒரே சீராகப் பரவும். கர்நாடக மாநிலத்துச் சன்னபட்டணத்திலும் இக்கலை சிறந்து விளங்குகிறது. அங்கே அரக்கு பரவிய பின் தாழை மடலை வைத்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றுவர்.

இம்முறையின் சிறப்பு ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். கோலிலிருந்து நீங்கும் அரக்கில் பெரும்பகுதி மரத்தையே சேர்கிறது. காற்றில் பறந்து வீணாவது இல்லை என்றே சொல்லலாம். எரியும் தன்மையுள்ள கரைப்பான் இங்கே தேவைப்படுவதில்லை. ஆதலின், வேலை செய்பவரின் மூச்சில் அதன் நஞ்சு கலப்பதில்லை. தூய அரக்கு, மருந்து மாத்திரைகளின் மேற்பூச்சாகவும் பயன்படும் அளவுக்குத் தீங்கற்றது. கலக்கும் வண்ணமும் தீங்கற்றதாக இருந்துவிட்டால், குழந்தை வாயில் வைத்தாலும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. சுழலக்கூடிய உருண்டைப் பொருள்களுக்கே இது பொருந்தும். கதவையோ ஊஞ்சற் பலகையையோ கடைசல் இயந்திரத்தில் பூட்டிச் சுழற்ற இயலுமோ? இயலாது. எனவே தச்சர் வேறு வழிகளை நாடினர். சாராயத்தில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தில் நனைத்து, மெல்ல மெல்லப் பலகையின் மேல் தேய்ப்பது ஒரு வழி. இதனைப் பிரெஞ்சு பாலிஷ் என்பர். தூரிகையால் வார்னிஷ் பூசுவது மற்றொரு வழி. முன்னதற்கு நாட்கணக்கில் உழைப்பு வேண்டும். பின்னதில் தூரிகையின் கோடுகள் தெரியும். சிற்ப வேலைப்பாடு மிகுந்த கதவின் இடுக்குகளில் துணியும் தூரிகையும் எளிதில் நுழைவதில்லை. இக்குறைகளை நீக்கவே தெளிப்பு முறை தோன்றியது.

தெளிப்பானின் தோற்றம் மருத்துவத்தோடு தொடர்புடையது. அமெரிக்க நாட்டில் ஆலன் டிவில்பிஸ் என்னும் மருத்துவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நோயாளிகளின் தொண்டையில் மருந்தைத் துளித்துளியாகத் தெளிக்க ஒரு கருவியை அமைத்தார். அவருடைய மகன் தாமஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே கருத்தை வண்ணம் தெளிப்பதற்குப் பயன்படுத்தினார். நம் தச்சர் ‘ஸ்பிரே கன்’ என்று வழங்கும் கருவி இவ்வழியில் வந்ததே.

இந்தத் தெளிப்பானுக்குக் காற்று வேண்டும். அக்காற்றைத் தருவதில் இரு முறைகள் உள்ளன. முதலாவது, கம்ப்ரசர் எனப்படும் காற்றழுத்தி. அது காற்றை ஓர் உருளையில் அடைத்து, மிகுந்த அழுத்தத்துடன் வெளிவிடுகிறது. பழைய வகைத் தெளிப்பானில், சதுர அங்குலத்திற்கு 40 பவுண்டு அல்லது அதனினும் மிகுந்த அழுத்தத்தில் காற்று பாயும். அவ்வேகத்தில் பூச்சுத் துளிகள் நன்கு பொடியாகும் என்பது உண்மை. ஆனால் பலகையில் மோதிய காற்று, பந்துபோல் திரும்பித் தெறிக்கிறது. துளிகளில் பலவும் அதனோடு பறந்துவிடுகின்றன. இதனால் தெளித்த பூச்சில் பாதிகூட மரத்தில் ஒட்டாமற் போவது உண்டு. எஞ்சியது எங்கே செல்கிறது? சுவரிலும் தரையிலும் படிகிறது. தெளிப்பவரின் நுரையீரலிலும் புகுகிறது.

இரண்டாவது முறையே டர்பைன் எனப்படும் சுழலித் தெளிப்பு முறை. சுழலி என்பது தாமிரபரணிக் கரையினருக்குப் புதியதன்று. 1944-ஆம் ஆண்டு முதல் பாபநாசத்தில் ஆற்று நீர் உயரத்திலிருந்து பாய்ந்து சுழலிகளை உருட்டுகிறது. அச்சுழலிகள் மின்சாரத்தைப் பிறப்பிக்கின்றன. தெளிப்புக் கருவியில் இச்செயல் தலைகீழாக நிகழ்கிறது. அங்கே நீர் சக்கரத்தை உருட்டி மின்சாரம் தருகிறது. இங்கே மின்சாரம் சக்கரத்தை உருட்டிக் காற்றைத் தருகிறது. விசிறிபோன்ற சக்கரங்கள் மிக விரைந்து சுழன்று, பெருமளவு காற்றைப் பருத்த குழாய் வழியே தெளிப்பானுக்கு அனுப்புகின்றன. காற்று மிகுதி, அழுத்தமோ குறைவு. தெளிப்பானின் வாயில் அது சதுர அங்குலத்திற்கு 10 பவுண்டைத் தாண்டுவதில்லை. ஆகவே துளிகள் மென்மையாகச் சென்று மரத்தில் அமர்கின்றன. காற்று மாசு மிகுந்த தென் கலிபோர்னியாவில், தெளிக்கும் பூச்சில் நூற்றுக்கு 65 பங்கேனும் பொருளைச் சேர வேண்டும் என விதி வகுத்தபோது, இத்தகைய குறைந்த அழுத்தத் தெளிப்பு முறை ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இத்தகைய கருவியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் அறிய வேண்டுவது, தாம் தெளிக்கப்போகும் பூச்சின் தன்மையை. ஒரு சுழலிக்குள் எத்தனைச் சக்கரங்கள் அடுத்தடுத்து உள்ளனவோ, அத்தனை கட்டம் உடையது அது எனப்படும். கட்டம் கூடக் கூட அழுத்தமும் கூடும். நீர்போல் இளகிய அரக்குக் கரைசலுக்கு இரண்டு அல்லது மூன்று கட்டம் போதும். நீரில் கரையும் கெட்டியான வண்ணங்களுக்கு நான்கு, ஐந்து கட்டங்கள் வேண்டும். பூச்சின் கெட்டித்தன்மையை ஊகத்தால் அறிய முயல்வது பிழை. அடியில் துளையுள்ள ஒரு சிறு கிண்ணத்தில் அதனை நிரப்பி, வடிந்து முடிய எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரம் கொண்டு அளப்பர். வடியும் காலத்திற்கேற்பத் தெளிப்பானின் வாய்த்துளையைத் தேர்வர். இளகிய பூச்சுக்கு 1 மில்லிமீட்டரை ஒட்டிய துளையும், கெட்டியானதற்கு 2 மில்லிமீட்டரை ஒட்டிய துளையும் பொருந்தும். இவற்றையெல்லாம் ஒரு கழிவுப் பலகையில் தெளித்துப் பார்த்த பின்னரே நல்ல மரத்தில் கை வைப்பது அறிவுடைமை.

அடுத்துக் கருத வேண்டுவது பருவநிலை. தென்மேற்குச் சாரல் வீசும் ஆனி, ஆடி மாதங்களிலும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையிலும் காற்றில் ஈரம் மிகும். கரைப்பான் விரைந்து ஆவியாகும்பொழுது பூச்சு குளிர்கிறது. குளிர்ந்த பூச்சின்மேல் ஈரம் படிந்து, மெருகு வெண்புகை படர்ந்தாற்போல் மங்குகிறது. சுழலிக் காற்று இயல்பாகவே வெதுவெதுப்பானது. காற்றழுத்தியின் குழாயில் திரளும் நீரும் எண்ணெயும் அதில் இல்லை. இது மழைக்காலத்தில் ஓரளவு உதவும். ஆனால் அதே வெம்மை சித்திரை வெயிலில் தீமையாக முடியும். துளிகள் மரத்தை அடையுமுன்னரே உலர்ந்து, பலகை மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகிவிடும். எனவே கோடையில் காலை வேளையே தெளிப்பதற்கு ஏற்றது.

சுழலிக்கும் குறைகள் உண்டு. விலை மிகுதி, ஓசையும் மிகுதி, காற்றை இழுக்கும் வடிகட்டியை அடிக்கடி தூய்மை செய்யாவிடில் இயந்திரம் சூடேறிக் கெடும். எல்லாவற்றினும் மேலாகக் கவனிக்க வேண்டியது காவல். தின்னர் கலந்த பூச்சின் ஆவி எளிதில் தீப்பற்றும். மோட்டாரின் சிறு பொறியும் அதற்குப் போதும். ஆகையால் சுழலியைத் தெளிக்கும் இடத்திற்கு வெளியே, தூய காற்றில் வைத்து, நீண்ட குழாயால் இணைத்தல் வேண்டும். மூக்கில் கட்டும் துணி தூசியை ஓரளவு தடுக்குமேயன்றி ஆவியைத் தடுக்காது. ஆவியை ஈர்க்கும் கரி வடிகட்டி பொருந்திய முகமூடியே தகுந்த காவலாகும். இருகூறாக வந்து கலந்தவுடன் இறுகும் சில பாலியூரித்தேன் பூச்சுகளின் ஆவி, தீராத இரைப்பு நோயை உண்டாக்க வல்லது. அவற்றுக்கு இம்முகமூடியும் போதாது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழித் தரும் முகமூடி வேண்டும்.

குழந்தைகள் கையாளும் பொருள்களுக்கு வேறொரு காவலும் வேண்டும். வண்ணத்தில் கலந்த ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இதனால் இந்திய அரசு 2016-ஆம் ஆண்டில் விதி வகுத்து, வீட்டு உபயோக வண்ணங்களில் பத்து இலட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என வரையறுத்தது. எவ்வளவு சிறந்த கருவியாயினும், தீய வண்ணத்தை நல்ல வண்ணமாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

இவற்றால் அறியத்தக்கது யாது? சொப்புக்கு அரக்குக் கோலும் கடைசலும் சாலும். அதற்குச் சுழலி வேண்டுவதில்லை. ஒற்றை நாற்காலி செய்பவருக்குத் துணிப்பந்தே போதும். நாள்தோறும் கதவும் கட்டிலும் செய்து முடிக்கும் பட்டறைக்குச் சுழலி தக்க துணையாகும். கருவியின் விலையையும் விரைவையும் பார்ப்பதோடு நில்லாமல், அதிலிருந்து புறப்படும் பூச்சில் எவ்வளவு மரத்தைச் சேர்கிறது, எவ்வளவு மனிதனின் மூச்சைச் சேர்கிறது என்றும் கணக்கிட வேண்டும். அம்பாசமுத்திரத்துக் கடைசற்காரர் கையிலுள்ள சிறு அரக்குக் கோல் இக்கணக்கில் என்றோ வெற்றி கண்டுவிட்டது. புதிய கருவிகளை மதிப்பிடுவதற்கு அதனினும் நல்ல அளவுகோல் வேண்டுமோ?