உவேனோவின் யானைகள்

டோக்கியோ நகரின் கிழக்கே நிஷிகசாய் என்னும் பகுதியில் நம் நாட்டுக் குடும்பங்கள் பல வசிக்கின்றன. கம்ப்யூட்டர் தொழிலை முன்னிட்டு 2000-ஆம் வருஷத்தையொட்டி இங்கே வரத் தொடங்கினார்கள். நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. வாரநாட்களில் இந்நகரம் நமக்கு ரயிலும் காரியாலயமுந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கிளம்பும்போதே அதைச் சற்று அறிந்துகொள்கிறோம். இங்கே குழந்தைகளே பெற்றோருக்குத் துபாஷிகள். பள்ளியில் கற்ற எழுத்தைக் கொண்டு அவர்கள் பலகைகளைப் படித்துச் சொல்ல, நாம் தலையாட்டிக்கொண்டு பின்னால் செல்கிறோம்.

அவ்விதம் சென்ற இடங்களுள் உவேனோ மிருகக்காட்சிசாலை ஒன்று. 1882 மார்ச்சு மாதத்தில் திறக்கப்பட்ட இதுவே ஜப்பானில் முதலாவது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. கூலி வேலை செய்பவரும் கம்பெனி அதிகாரியும் அருகருகே அமர்ந்து சோற்றுப் பெட்டியைத் திறந்து உண்கிறார்கள். குப்பையை அவரவரே பொட்டலமாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். இதை வியந்து எழுதாத இந்தியப் பிரயாணி இல்லையாதலால் அதை விட்டுவிடுவோம்.

நாம் சொல்ல வந்தது வேறு. இத்தோட்டத்துக்குள் மாண்ட மிருகங்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் முன் நின்று நம் பிள்ளைகள் கேட்ட கேள்விகளால் நாம் அறிந்த வரலாறு இது.

1943 ஆகஸ்டில் டோக்கியோவின் கவர்னராக இருந்தவர் ஓடாச்சி ஷிகேயோ. ஜப்பானியர் ஷோனான் என்று பெயர் மாற்றிய சிங்கப்பூரில் மேயராயிருந்து திரும்பியவர். குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் கொடிய மிருகங்கள் வெளியேறும் என்று கூறி, அவற்றைக் கொன்றுவிட உத்தரவிட்டார். சிங்கமும் சிறுத்தையும் கரடியும் மாண்டன. ஜான், டோன்கி, வான்லி என்ற மூன்று யானைகளும் அவ்வுத்தரவுக்குத் தப்பவில்லை. நஞ்சிட்ட உணவை அவை தொட மறுத்தன. ஆகவே பட்டினி போடப்பட்டன. டோன்கியை ஏற்றுக்கொள்ளச் செண்டாய் நகரத்தார் முன்வந்தும் கவர்னர் சம்மதிக்கவில்லை. ஆகஸ்டு 29-ஆம் தேதி ஜான் இறந்தது. செப்டம்பர் 4-ஆம் தேதி பௌத்த குருமாரையும் பள்ளிப் பிள்ளைகளையும் வரவழைத்து, மாண்ட மிருகங்களுக்கு நினைவுச் சடங்கு நடத்தினார்கள். அவ்வேளையில் டோன்கியும் வான்லியும் கொட்டடியில் உயிரோடு இருந்தன! வான்லி 11-ஆம் தேதியும் டோன்கி 23-ஆம் தேதியும் மாண்டன.

அதுவரை டோக்கியோமீது விமானங்கள் குண்டு வீசியது 1942 ஏப்ரலில் ஒரே முறைதான். பெருந் தாக்குதல்கள் தொடங்கியது 1944 நவம்பரில். யுத்தத்தின் நெருக்கடியைப் பிரஜைகளின் மனத்தில் ஏற்றுவதற்கே மிருகங்கள் பலியிடப்பட்டன என்பது சரித்திரக்காரர் பலரின் கருத்து. நமக்கும் அவ்விதமே தோன்றுகிறது. தேசபக்தியைப் போற்றும் நாம் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டாமா? பட்டினி கிடக்கும் பிராணிக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, அதைக் கண்டு குழந்தைகள் அழுதால் அவ்வழுகையையும் யுத்தத்துக்குச் சேகரம் செய்துகொள்ளும் ராஜாங்கத்தை எப்பெயரால் அழைப்பது?

நகோயா நகரில் மட்டும் இரண்டு யானைகள் யுத்தத்தைத் தாண்டிப் பிழைத்தன. 1949-இல் உவேனோவைச் சார்ந்த டைட்டோ வட்டாரத்துச் சிறுவர்கள் அவற்றில் ஒன்றை இரவல் கேட்டார்கள். இரண்டும் பிரிந்து வாழமாட்டா என்பதால் யானை வரவில்லை. பிள்ளைகளே விசேஷ ரயில்களில் நகோயா சென்று பார்த்தார்கள். பிறகு நூற்றுக்கணக்கான சிறுவர் கடிதங்கள் நேருவுக்குச் சென்றன. விடுதலை பெற்று இரண்டே வருஷமான பாரதம், பிரிவினையின் ரணம் ஆறாத நிலையில், மைசூர்ப் பெண் யானை ஒன்றைக் கப்பலேற்றி அனுப்பியது. தம் மகளின் பெயரை நேரு அதற்கு இட்டார். 1949 செப்டம்பரில் இந்திரா உவேனோவை அடைந்தது. இச்செய்தியை நம் பள்ளிப் புத்தகம் எதிலும் படித்ததாக நினைவில்லை. அந்நிய நாட்டில் நம் பிள்ளைகள் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

காட்டு விலங்கைக் கடல் கடந்து அனுப்பும் வழக்கம் நமக்கு உவப்பானதன்று. அதே மாதத்தில் தாய்லாந்திலிருந்து வந்த குட்டி யானைக்கு, வான்லியின் செல்லப் பெயரான ஹனாகோ என்பதையே சூட்டினார்கள். அது 1954-இல் இனோகஷிரா பூங்காவுக்கு மாற்றப்பட்டு, கடைசி வருஷங்களைத் தன்னந்தனியே சிமெண்டுத் தரையில் கழித்து, 2016-இல் 69-ஆம் வயதில் மாண்டது. இந்திராவைக் காண நேருவே 1957-இல் தம் மகளோடு உவேனோவுக்கு வந்தார். அவர் மறைந்து 19 வருஷங்களுக்குப் பிறகு, 1983 வரை அது உயிர் வாழ்ந்தது.