மருத்துவமனைத் தொற்றும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்

மருத்துவமனையில் சேரும்போது ஒருவரிடம் இல்லாமல், அங்கே தங்கியிருக்கும் காலத்தில் அவரைப் பற்றிக்கொள்ளும் தொற்று மருத்துவமனைத் தொற்று எனப்படும். சேர்ந்து 48 மணி நேரம் கழிந்த பிறகு தோன்றும் தொற்றைப் பொதுவாக இவ்வகையில் சேர்ப்பர். அறுவைப் புண்ணில் ஏற்படும் தொற்று, நோயாளி வீடு திரும்பிய பின்னரும் வெளிப்படலாம். அதுவும் மருத்துவமனைத் தொற்றே. உலகச் சுகாதார அமைப்பின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, உடனடிச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேரும் 100 பேரில் செல்வ நாடுகளில் 7 பேரும், ஏழை மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளில் 15 பேரும் இத்தகைய தொற்று ஒன்றுக்காவது ஆளாகின்றனர். அவ்வாறு ஆளானவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் உயிரிழக்கிறார்.

இத்தொற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பல, வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படுவதில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து நுண்ணுயிர் எதிர்ப்பி, பேச்சு வழக்கில் ஆன்டிபயாடிக். அம்மருந்தைத் தாங்கிப் பிழைக்கும் திறனைப் பாக்டீரியா பெற்றுவிடுவதே மருந்து எதிர்ப்பு. 'உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது' என்று பலர் சொல்வதுண்டு. அது தவறு. பழகுவது உடம்பு அன்று, கிருமி. அதனால்தான் வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைகூட விழுங்காத ஒருவருக்கும் மருந்துக்கு அடங்காத தொற்று வரக்கூடும்.

கிருமி உள்ளே நுழையும் வழிகள்

கதிர் அறுக்கும்போது காலில் அரிவாள் வெட்டுப்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். புண் சீழ் பிடித்து, காய்ச்சல் ஏறி, தஞ்சாவூருக்குக் கொண்டுவருகிறார்கள். கையில் ட்ரிப் ஊசி ஏற்றப்படுகிறது. நிலைமை மோசமானால் கழுத்து நரம்பில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், மூச்சுத் திணறினால் தொண்டை வழியே வென்டிலேட்டர் குழாய். இவை எல்லாம் உயிர் காப்பவை. அதே சமயம், தோல் என்ற கோட்டைச் சுவரில் இவை ஒவ்வொன்றும் ஒரு வாசலைத் திறந்து வைக்கின்றன. சிறுநீர்த் தொற்று, இரத்தத் தொற்று, வென்டிலேட்டரால் வரும் நிமோனியா, அறுவைப் புண் தொற்று ஆகிய நான்குமே மருத்துவமனைத் தொற்றுகளில் முதன்மையானவை.

ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குக் கிருமியை எடுத்துச் செல்வது பெரும்பாலும் மனிதர்களின் கைகளே. மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர், நோயாளிக்குத் துணையாக இருக்கும் உறவினர் என யாருடைய கையாகவும் இருக்கலாம். இதை முதலில் எண்ணிக்கையோடு காட்டியவர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1847இல் வியன்னா மருத்துவமனையின் பிரசவப் பிரிவில், பிணப் பரிசோதனை முடித்துவிட்டு நேரே பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். ஏப்ரல் மாதத்தில் 100க்கு 18 என்ற அளவில் இருந்த தாய்மார் இறப்பு ஜூன் மாதத்தில் 2 அளவுக்கு இறங்கியது. பாக்டீரியாதான் காரணம் என்று அப்போது அவருக்கும் தெரியாது. அவர் சொன்னதை அக்காலத்து மருத்துவர்களில் பெரும்பாலோர் ஏற்கவும் இல்லை. தங்கள் கையே சாவைக் கொண்டுவந்தது என்பதை ஏற்பது யாருக்கும் எளிதன்று.

புகையான் கற்றுத்தரும் பாடம்

மருந்து எதிர்ப்பு எப்படி உருவாகிறது என்பதைக் காவிரிப் படுகை மாணவர்கள் வயலிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். 1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. குட்டை ரக நெல், உரம், பூச்சிமருந்து மூன்றும் சேர்ந்து வந்தன. அதன் பிறகு விவசாயிகளுக்குப் பெரும் தலைவலியானது புகையான். பயிரின் தூரில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும் இச்சிறு பூச்சி தாக்கிய வயலில், தீய்ந்ததுபோல் வட்டவட்டமாகப் பயிர் காய்ந்து நிற்கும்.

மருந்து அடித்தால் பெரும்பாலான பூச்சிகள் சாகும். அம்மருந்தைத் தாங்கும் தன்மை பிறவியிலேயே அமைந்த சில தப்பும். அடுத்த தலைமுறை அவற்றின் பிள்ளைகளே. திரும்பத் திரும்ப அதே மருந்தை அடித்தால், சில ஆண்டுகளில் வயல் முழுவதும் மருந்துக்கு அஞ்சாத கூட்டம் நிறைந்துவிடும். பூச்சியை மருந்து மாற்றவில்லை. தாங்கக்கூடியதைப் பொறுக்கி எடுத்து விட்டுவைத்தது, அவ்வளவே. இன்னொன்றும் நடக்கிறது. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள் புகையானைத் தின்னும் சிலந்திகளையும் நாவாய்ப் பூச்சிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். எதிரி இல்லாத வயலில் புகையான் முன்னைவிட வேகமாகப் பெருகும். வேளாண் அறிவியலாளர்கள் அவ்வகை மருந்துகளைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

மனிதக் குடலிலும் இவ்விரண்டும் நடக்கின்றன. ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியை மட்டும் தேடிக் கொல்வதில்லை. குடலில் காவல் காக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கிறது. காலியான இடத்தில் மருந்தைத் தாங்கும் கிருமி பெருகுகிறது. வேகத்தில்தான் வேறுபாடு. புகையான் ஒரு தலைமுறைக்குச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். 10 மணி நேரத்தில் 30 முறை இரட்டித்தால், ஒன்று ஏறத்தாழ 107 கோடி ஆகிவிடும். மாணவர்கள் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம்.

பூச்சியால் முடியாத ஒன்றும் பாக்டீரியாவால் முடியும். எதிர்ப்புத் திறனுக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு வட்டவடிவ டி.என்.ஏ. துண்டில் இருக்கும். அதை ஒரு பாக்டீரியா வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். நல்ல விதைநெல் கைக்குக் கை மாறி ஊர் முழுவதும் பரவுவதைப் போன்றது இது.

சென்னையும் என்.டி.எம்.-1 மரபணுவும்

இந்தச் செய்தியில் தமிழ்நாட்டின் பெயர் உலகெங்கும் அடிபட்டது 2010 ஆகஸ்டில். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி, பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமதி வால்ஷ் உள்ளிட்டோர் 'லான்செட் தொற்றுநோய்கள்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். என்.டி.எம்.-1 என்ற மரபணுவைக் கொண்ட பாக்டீரியாக்கள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா மற்றும் பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 எனக் கண்டறியப்பட்டதாக அது கூறியது. பெரும்பாலானவை கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, அடுத்து ஈ.கோலை.

இம்மரபணு உருவாக்கும் நொதி, பெனிசிலின் குடும்பத்து மருந்துகளின் உயிர்நாடியான பீட்டா-லாக்டம் வளையத்தை அறுத்துவிடும். அக்குடும்பத்தில் கடைசி ஆயுதமாக வைக்கப்பட்டிருந்த கார்பாபெனம் மருந்துகளும் (மெரோபெனம், இமிபெனம் போன்றவை) அதற்குத் தப்பவில்லை. எஞ்சியவை பெரும்பாலும் டிகெசைக்ளின், கோலிஸ்டின் என்ற இரண்டே. இவற்றில் கோலிஸ்டின், சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய மருந்து. வேறு வழியில்லாமல் அதையே தூசு தட்டி எடுக்கவேண்டியதாயிற்று.

அம்மரபணு முதலில் அறியப்பட்டது, புது டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம். அதனால் பெயரிலேயே 'நியூ டெல்லி' ஒட்டிக்கொண்டது. இந்தியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றும் பேசப்பட்டது. நகரின் பெயரை இட்டது தவறு என்று லான்செட் ஆசிரியரே பின்னர் வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் பெயரைப் பற்றிய சண்டையில், கிருமியைப் பற்றிப் பேசவேண்டிய நேரம் கொஞ்சம் வீணானது என்பதும் உண்மை. 2011இல் வெளிவந்த அடுத்த ஆய்வில், டெல்லியில் தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51லும், பொதுக் குழாய் நீர் மாதிரிகள் 50இல் 2லும் அதே மரபணு இருந்தது. மருத்துவமனைச் சுவருக்கு வெளியே அது எப்போதோ போய்விட்டிருந்தது.

சென்னை சும்மா இருக்கவில்லை. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்களின் பேராளர்கள் அங்கே கூடி, 'சென்னைப் பிரகடனம்' என்ற செயல்திட்டத்தை உருவாக்கினர். இதை முன்னின்று நடத்தியவர் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். எல்லா ஆன்டிபயாடிக் விற்பனையையும் ஒரே நாளில் முடக்கினால், மருத்துவரே இல்லாத கிராமத்து நோயாளி செத்துப்போவார். ஆகவே முக்கியமான மருந்துகளிலிருந்து படிப்படியாகத் தொடங்கலாம் என்பது அதன் அணுகுமுறை. நடைமுறை தெரிந்தவர்கள் எழுதியது என்பது அதிலேயே புலப்படும்.

2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த 'எச்1 பட்டியல்' விதி இத்திசையில் ஒரு படி. செஃபிக்சைம், மெரோபெனம் போன்ற மருந்துகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். ஆனாலும் 'காய்ச்சலுக்கு நாலு மாத்திரை கொடுங்க' என்று கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. சளி, ஃபுளூ, டெங்கு முதலியவை வைரஸால் வருபவை. அவற்றின்மீது ஆன்டிபயாடிக் ஒரு துளியும் வேலை செய்யாது. குடலில் உள்ள பாக்டீரியாக்களுக்குப் பயிற்சி கொடுப்பதோடு சரி.

ஆற்றில் வரும் மருந்து

விழுங்கிய ஆன்டிபயாடிக்கில் கணிசமான பங்கு சிதையாமலே உடலைவிட்டு வெளியேறிச் சாக்கடைக்குப் போகிறது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் காவிரியின் பல இடங்களில் நீரைச் சோதித்து 2021இல் வெளியிட்ட முடிவுகளில், வலிநிவாரணி, இரத்த அழுத்த மருந்து ஆகியவற்றோடு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் இருந்தது. ஈரோடு, கரூர், திருச்சி எனப் பல நகரங்களைத் தாண்டித்தான் காவிரி கல்லணைக்கு வந்து படுகையில் கிளை பிரிகிறது. மேலே கரைத்தது கீழே கடைமடை வரை வரும். கொல்லாத அளவு மருந்து, சாக்கடைப் பாக்டீரியா இரண்டும் ஒன்றாய்க் கலந்த நீரே எதிர்ப்புத் திறனுக்கு நாற்றங்கால்.

கால்நடை வளர்ப்பிலும் இச்சிக்கல் உண்டு. கோழி சீக்கிரம் எடை போடவேண்டும் என்று தீவனத்தில் கோலிஸ்டின் கலக்கும் வழக்கம் இருந்தது. மனிதனுக்குக் கடைசி மருந்தாக நிற்பதைக் கோழிக்குத் தீனியாகக் கொடுத்ததை வேறு எப்படிச் சொல்வது? 2019 ஜூலையில் மத்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது.

வார்டில் செய்யக்கூடியவை

2016இல் அமெரிக்காவின் நெவாடாவில் 70 வயதைக் கடந்த ஒரு பெண் கிளெப்சியெல்லா தொற்றால் இறந்தார். இந்தியாவில் இருந்தபோது தொடை எலும்பு முறிந்து, அதற்காகப் பலமுறை மருத்துவமனையில் சேர்ந்தவர் அவர். அவரிடம் இருந்த கிருமி, சோதித்த 26 ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்கவில்லை. ஒன்று தெளிவு: இத்தகைய கிருமி உடலில் நுழைந்த பிறகு மருத்துவர் செய்யக்கூடியது குறைவு, நுழையாமல் தடுப்பதற்கோ பெரும் செலவு தேவையில்லை.

நெல் நடும்போது 2.5 மீட்டருக்கு ஒருமுறை 30 செ.மீ. பட்டம் விடச் சொல்வார்கள். காற்றும் வெளிச்சமும் தூருக்குப் போனால் புகையான் ஒதுங்கும். மருந்தே இல்லாத தடுப்பு முறை அது. வார்டிலும் அப்படித்தான். படுக்கைகளுக்கிடையே இடைவெளியும் காற்றோட்டமும் வேண்டும். நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் சோப்பு நீரில் 40 முதல் 60 விநாடி, அல்லது சாராயம் கலந்த கை மருந்தால் 20 முதல் 30 விநாடி கைகளைத் தேய்த்துக் கழுவவேண்டும். கையுறை போட்டால் கழுவவேண்டாம் என்பது பலரிடம் உள்ள தவறான எண்ணம். ஒரே கையுறையோடு இரண்டு நோயாளிகளைத் தொட்டால் அது கையைவிட மோசம்.

1959இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு அண்டை மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். நோயாளியோடு துணைக்கு ஒருவராவது வருவது நம் வழக்கம். அவரே நோயாளியைத் துடைத்துவிடுகிறார், சோறு ஊட்டுகிறார், சிறுநீர்ப் பையைக்கூடப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். எனவே தொற்றுத் தடுப்பில் அவருக்கும் பங்கு உண்டு. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு உதவிவிட்டுக் கை கழுவாமல் தன் ஆளுக்கு ஊட்டக்கூடாது. சிறுநீர்ப் பையைப் படுக்கைக்குக் கீழ் மட்டத்தில், ஆனால் தரையில் படாமல் தொங்கவிடவேண்டும். மேலே தூக்கினால் சிறுநீர் உள்ளே திரும்பும். பார்க்க வருபவர்கள் கூட்டமாகக் கட்டிலில் உட்கார்வதைத் தவிர்க்கவேண்டும். 'இந்தக் குழாயை எப்போது எடுப்பீர்கள், டாக்டர்?' என்று தினமும் கேட்பதில் தவறே இல்லை. தேவை முடிந்த குழாய் ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் ஆபத்து ஒரு நாள் கூடுகிறது.

மருத்துவர் 'கல்ச்சர்' எழுதிக்கொடுத்தால், இரத்தமோ சீழோ சிறுநீரோ எடுத்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்கும் சோதனை அது. முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். முடியுமானால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மாதிரி எடுத்துவிடவேண்டும். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளராமல் முடிவு ஏமாற்றலாம். எத்தனை நாள் மருந்து என்பதும் மருத்துவர் முடிவே. சில தொற்றுகளுக்கு முன்பு கொடுத்ததைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று இப்போது அறியப்பட்டுள்ளது. ஆனால் அதைக் காய்ச்சல் விட்டதும் நோயாளியே தீர்மானித்துப் பாதியில் நிறுத்தக்கூடாது. மிஞ்சிய மாத்திரையை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதும் கூடாது.

வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்கக் குறிப்போடு கல்ச்சர் அறிக்கையையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தவேண்டும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியா, நோய் தீர்ந்த பிறகும் குடலில் பல மாதங்கள் தங்கக்கூடும். அடுத்த முறை வேறு மருத்துவமனையில் சேர நேர்ந்தால், அந்தத் தாளை முதல் நாளே காட்டினால் மருத்துவர் சரியான மருந்தைத் தொடங்குவார். பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பரவாமல் தனிப் படுக்கை ஒதுக்கவும் வழி பிறக்கும்.