காற்று சுத்திகரிப்பான் வாங்கப் போகிறீர்களா? முதலில் அறையை அளந்து பாருங்கள்

2022 டிசெம்பர் 9 ஆம் திகதி நாடு முழுவதும் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. வெள்ளம் வந்து மூடவில்லை. காற்று கெட்டுப்போனதால் மூடினார்கள். வங்காள விரிகுடாவில் 'மாண்டஸ்' புயல் உருவாகியிருந்த நேரத்தில் இந்தியப் பக்கமிருந்து மாசடைந்த காற்று இலங்கைக்குள் வந்ததாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விளக்கியது. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் குளிர் தாங்காமல் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தது பலருக்கு நினைவிருக்கும். மாடுகளின் இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. மனிதர் சுவாசித்த தூசியை யாரும் எண்ணவில்லை.

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் காற்று இந்தியப் பெருநிலப் பக்கமிருந்து வீசுவதால், நொவெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை இந்தக் கவலை திரும்பத் திரும்ப எழுகிறது. கூடவே 'காற்று சுத்திகரிப்பான்' என்ற பெயரில் விற்கப்படும் இயந்திரங்களின் விளம்பரங்களும் பெருகியிருக்கின்றன. வெளிநாட்டில் உள்ள உறவினர்களும் "ஒன்று வாங்கி அனுப்பட்டா?" என்று கேட்கிறார்கள்.

எமது வீடுகளில் அந்தக் கேள்வி சும்மா எழுவதில்லை. செல் காயத்தால் நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வருடக்கணக்கில் தறப்பாளுக்குக் கீழே ஈரவிறகை ஊதி ஊதிச் சமைத்து, இன்று படியேறவே மூச்சு வாங்கும் தாய்மார் இருக்கிறார்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையிலேயே நாளைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வளவில் குப்பை எரித்தால் நாங்கள் எழும்பி அப்பால் போய்விடுவோம், அவர்களால் போக முடியாது. அப்படியான ஒருவருக்கு நல்ல இயந்திரம் உண்மையாகவே உதவும். பிழையான இயந்திரமோ காசையும் தின்று, பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற பொய் நம்பிக்கையையும் தரும்.

இயந்திரத்துக்குள் மந்திரம் எதுவுமில்லை. ஒரு காற்றாடி, ஒரு வடிகட்டி, அவ்வளவுதான். அறைக் காற்றை இழுத்து, வடிகட்டிக்குள்ளால் செலுத்தி, திரும்ப அறைக்குள் விடுகிறது. அது பிடிக்க வேண்டிய முக்கிய எதிரி 'பி.எம். 2.5' எனப்படும் நுண்துகள். 2.5 மைக்ரோனும் அதற்குக் குறைந்த அளவும் உடையது, தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு மயிரிலோ தொண்டைச் சளியிலோ தங்காமல் நுரையீரலின் அடி வரை போகும். 24 மணி நேரச் சராசரி ஒரு கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வழிகாட்டல் வெளியிட்டது.

இந்தத் துகளைப் பிடிக்கும் வடிகட்டிக்கு 'ஹெபா' என்று பெயர். அமெரிக்க அளவுகோலின்படி 0.3 மைக்ரோன் துகள்களில் 99.97 வீதத்தை அது பிடிக்க வேண்டும். அதைவிடச் சிறிய துகள் தப்பிவிடுமே என்று சிலர் கேட்பார்கள். தப்பாது. மிகச் சிறிய துகள்கள் நேராகப் போகாமல் அங்குமிங்கும் தள்ளாடுவதால் நார்களில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். பிடிப்பதற்கு மிகவும் கடினமானது 0.3 ஐ அண்டிய அளவுதான் என்பதால்தான் அதை வைத்துச் சோதிக்கிறார்கள். பெட்டியில் 'ஹெபா போன்றது', 'ஹெபா வகை' என்று எழுதியிருந்தால் அது ஹெபா அல்ல. எச் 13 போன்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் வடிகட்டி மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. உள்ளங்கை அளவு யூ.எஸ்.பி. இயந்திரத்திலும் ஹெபாத் துண்டு ஒன்றை வைக்கலாம். ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு காற்றை அது சுத்தமாக்கித் தள்ளுகிறது என்பதே கேள்வி. அதைச் சொல்லும் எண்ணுக்கு சி.ஏ.டி.ஆர். என்று பெயர். இந்த நான்கு எழுத்துகள் ஆங்கிலத்தில் பெட்டியில் இருக்கும். எண் இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். அவராலும் சொல்ல முடியாவிட்டால் அந்த இயந்திரத்தை விட்டுவிடுங்கள்.

கணக்கு இலகுவானது. பத்து அடி அகலம், பன்னிரண்டு அடி நீளம், பத்து அடி உயரமான படுக்கையறை ஒன்றை எடுப்போம். உள்ளே 1,200 கனஅடி காற்று இருக்கும், அதாவது ஏறக்குறைய 34 கனமீற்றர். அந்தக் காற்று முழுவதும் மணிக்கு ஐந்து தடவையாவது வடிகட்டிக்குள்ளால் போனால்தான் வித்தியாசம் தெரியும். ஐந்து முறை 34, ஆக மணிக்கு 170 கனமீற்றர். அமெரிக்கப் பெட்டிகளில் நிமிடத்துக்கு இத்தனை கனஅடி என்று போடுவார்கள், அந்தக் கணக்கில் 100. இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெட்டியில் உள்ள எண் இயந்திரம் உச்ச வேகத்தில் இரையும்போது அளந்தது. இரவில் நித்திரைக்காக வேகத்தைக் குறைத்தால் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். ஆகவே மேலே சொன்ன அறைக்கு 250 முதல் 300 வரை உள்ள ஒன்றை வாங்கி நடு வேகத்தில் விடுவதே புத்தி.

விளம்பரங்கள் சொல்லாமல் விடும் விடயம் ஒன்று உண்டு. இந்தக் கணக்கெல்லாம் மூடிய அறைக்குத்தான் பொருந்தும். எமது ஓட்டு வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் இடையே திறப்பு இருக்கும். மீள்குடியேற்றத்தின் பின் கட்டிய திட்ட வீடுகள் பலவற்றில் சீலிங்கே இல்லை. ஓர் அறையின் காற்று சுவருக்கு மேலால் அடுத்த அறைக்குப் போகும். அங்கே எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தை வைத்தாலும், கடல் தண்ணீரை வாளியால் இறைப்பது போலத்தான். முழு வீட்டையும் சுத்தமாக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நோயாளி படுக்கும் ஓர் அறையைத் தெரிவு செய்து, மேலே சீலிங் பலகையோ, அதற்கு வசதியில்லாவிட்டால் தடித்த பொலித்தீனோ இழுத்துக் கட்டி, யன்னல் இடுக்குகளை அடைத்த பிறகு இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். வெளிக்காற்று நன்றாக இருக்கும் நேரம் பார்த்து யன்னலைத் திறந்து விடவும் வேண்டும். மூடிய அறையில் நாம் விடும் கரியமிலவாயுவை இயந்திரம் அகற்றாது.

ஏசி இருந்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. சாதாரண ஏசிக்குள் இருக்கும் வலை பெரிய தூசியைத்தான் பிடிக்கும்.

அயனி, பிளாஸ்மா, ஓசோன் என்ற சொற்களைக் கண்டால் ஒதுங்குங்கள். ஓசோன் வளிமண்டலத்தின் உயரத்தில் இருக்கும்போது நல்லது, மூக்கருகில் வந்தால் சுவாசக்குழாயை எரிக்கும். முட்டு வருத்தக்காரருக்கு அது நேரடித் தீங்கு. காபன் மொனொக்சைட்டு வாயுவையும் எந்த ஹெபாவும் பிடிக்காது. மின்சாரம் நின்ற நேரம் ஜெனரேற்றரை விறாந்தையில் வைத்து ஓட்டிவிட்டு, இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள்.

உறவினர் அனுப்புவதில் இன்னொரு சிக்கல். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அங்கு வாங்கியதை நேரே செருகினால் மோட்டர் கருகிப்போகும். பிரித்தானியாவிலோ ஐரோப்பாவிலோ வாங்கியது மின்சாரத்துக்குப் பொருந்தும். ஆனால் அந்த மாதிரிக்குரிய மாற்று வடிகட்டி யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கிடைக்குமா? வடிகட்டியை ஆறு மாதம் தொடக்கம் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டிவரும், குசினிப் புகை படும் வீட்டில் இன்னும் முன்னதாக. கிடைக்காவிட்டால் இயந்திரம் மூலைக்குப் போய்விடும். காசை அனுப்பச் சொல்லி, வடிகட்டி விற்கும் கடையில் இங்கேயே வாங்குவது நல்லது. ஏற்கெனவே அனுப்பத் தீர்மானித்துவிட்டார்கள் என்றால் இரண்டு மூன்று வடிகட்டிகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

மின்கட்டணமும் பார்க்க வேண்டியதுதான். 40 வாட் இயந்திரம் இரவில் எட்டு மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்குப் பத்து அலகுக்குச் சற்றுக் குறைவாக வரும். 60 அலகுக்குள் இருந்த வீடு அதைத் தாண்டினால் கட்டண வகையே மாறிவிடும் என்பதால், முன்னைய பட்டியலை ஒருதரம் எடுத்துப் பாருங்கள்.

இவ்வளவு செலவுக்கும் முன்னர் வீட்டுக்குள்ளேயே எழும் புகையைப் பார்க்க வேண்டும். நுளம்புத்திரி ஒன்று முழுவதும் எரிந்து முடிய, 75 தொடக்கம் 137 சிகரெட்டுகளுக்குச் சமமான நுண்துகள் வெளிவருவதாக 2003 இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. நோயாளியின் கட்டிலுக்குக் கீழே அதைக் கொளுத்திவிட்டுப் பக்கத்தில் சுத்திகரிப்பானை ஓட்டுவதில் அர்த்தமில்லை. நுளம்பு வலை அதைவிட எவ்வளவோ மலிவு. விறகடுப்பு வீட்டோடு ஒட்டியிருந்தால் புகைக்கூடு ஒன்று கட்டுவது, அல்லது அடுப்பைத் தனிக் கொட்டிலுக்கு மாற்றுவது, எந்த இயந்திரத்தையும்விடக் கூடுதல் பலன் தரும். எரிவாயு வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு இதுதான் முதல் வேலை. விறகை மழைக்கு முன்னரே காயவைத்து அடுக்கினாலே புகை பாதி குறையும் என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் முடிந்து இயந்திரமும் வந்துவிட்டால், கட்டிலின் தலைமாட்டுப் பக்கமாக, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். திரைச்சீலையோ உடுப்புக் கொடியோ காற்று வழியை மறைக்கக் கூடாது. முன்னால் இருக்கும் வலையைக் கிழமைக்கு ஒரு தடவை தூரிகையால் துடைக்கலாம். உள்ளே இருக்கும் ஹெபாவைத் தண்ணீரில் கழுவ வேண்டாம், கழுவினால் நார்கள் பழுதாகிவிடும். நோயாளி அறைக்கு வருவதற்கு அரை மணித்தியாலம் முன்னரே உச்ச வேகத்தில் ஓடவிட்டு, அவர் படுத்ததும் நடு வேகத்துக்குக் குறையுங்கள். வைத்தியர் தந்த பம்பை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.