குளிர்சாதனப் பெட்டி காட்டும் இலக்கத்தை எவ்வளவு நம்பலாம்?

திறக்காத இன்சுலினையும் பெரும்பாலான தடுப்பூசிகளையும் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். அந்த வெப்பநிலையை இன்று பல இடங்களில் அளப்பது ஒரு சிறிய சிப்.

இதனுள் இரசம் இல்லை. சிலிக்கன் சந்தியொன்றில் மாறாத மின்னோட்டம் பாயும்போது, வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். அந்த மாற்றத்தைச் சிப்பே துவித எண்ணாக மாற்றி அனுப்புகிறது.

பரவலாகப் பயன்படும் டீஎஸ்18பி20 சிப்பை எடுத்துக்கொள்வோம். அது ஒரு பாகையை 16 பங்குகளாகப் பிரிக்கிறது. 80 என அனுப்பினால், 16ஆல் வகுக்க 5 பாகை. 81 என்றால் 5.0625 பாகை.

தசமதானங்களைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. அதன் துல்லியம் கூட்டல் அல்லது கழித்தல் அரைப் பாகைதான். திரையில் 7.8 தெரியும்போது உள்ளே 8.3 ஆகவும் இருக்கலாம். மின்சாரம் வந்தவுடன் 85 எனக் காட்டினாலும் பதற வேண்டாம். முதல் அளவீடு முடிய முக்கால் செக்கன் வரை எடுக்கும். அதுவரை சிப்பில் இருக்கும் ஆரம்பப் பெறுமானமே அது.

ஆகவே 8ஐ ஒட்டி வைக்காமல் 5 பாகையை இலக்காகக் கொள்ளுங்கள். சிப்பைக் கதவருகே அல்லாமல் மருந்தின் அருகே வையுங்கள். அது தன் வெப்பநிலையை மட்டுமே அறியும்; மருந்தின் வெப்பநிலையை அல்ல.