முகம் தெரியாத ஒருத்தருக்கு ஒரு தொப்பி

இந்த வாரம் கொஞ்சம் மெதுவான விஷயம்: ஊசியும் நூலும். கையால ஒரு பொருளைப் பின்னி, முன்பின் தெரியாத ஒருத்தருக்கு அனுப்புறது. அதே மாதிரி, முன்பின் தெரியாத இன்னொருத்தர் பின்னி அனுப்புறதை வாங்கிக்கிறது. உலகம் முழுக்க நிறைய பேர் இதைச் செய்றாங்க. நானும் மூணு வருஷமா செய்றேன். “அப்படி என்ன சந்தோஷம் இதுல? ஒரு கிஃப்ட் கார்டு அனுப்பிட்டுப் போகலாமே?”ன்னு என் ஃப்ரெண்ட்ஸ் கேட்காத நாளே இல்ல. அதுக்கான பதில்தான் இந்த எபிசோட்.

முதல்ல உங்க டீ-ஷர்ட்டைப் பாருங்க

பின்னல்னு சொன்னா நமக்கு ஜடை ஞாபகம் வரும், இல்லைன்னா ஒயர் கூடை ஞாபகம் வரும். நான் சொல்றது நிட்டிங். அது ஏதோ குளிர் நாட்டுச் சமாசாரம்னு நினைக்காதீங்க. இப்போ நீங்க போட்டிருக்கிற டீ-ஷர்ட்டை கண்ணுகிட்ட கொண்டுபோய்ப் பாருங்க. வெளிப்பக்கம் குட்டிக்குட்டியா ‘வி’ எழுத்து வரிசை தெரியும். உள்பக்கம் சின்னச் சின்ன மேடு தெரியும். அதுதான் நிட்டிங். திருப்பூர் பனியன் தொழில் மொத்தமும் இந்த வளையத்துல நிக்குது.

வேட்டியும் புடவையும் தறியில நெய்றது. நீளவாக்குல பாவு, குறுக்கே ஊடை. நிட்டிங்ல அப்படி இல்ல. நூல் ஒரு வளையமா வளையும், முந்தின வரிசை வளையத்துக்குள்ள நுழைஞ்சு வெளியே வரும், அடுத்த வளையத்துக்கு இடம் கொடுக்கும். இழுத்தா அந்த வளையங்கள் விரியும், விட்டா சுருங்கும். டீ-ஷர்ட் இழுபடுறதும், காட்டன் சட்டை இழுபடாததும் இதனாலதான்.

கையால நிட்டிங் பண்ண ரெண்டு நீள ஊசி வேணும். இதோட சகோதரி குரோஷா. அதுக்கு முனையில கொக்கி வெச்ச ஒரே ஊசி போதும். பழைய வீடுகள்ல டிவி மேலயும் டீப்பாய் மேலயும் வெள்ளையா ஒரு பூ விரிப்பு போட்டிருப்பாங்களே, அது பெரும்பாலும் குரோஷாதான். நிட்டிங்குக்கு ரொம்ப முன்னாடியே மெஷின் வந்தாச்சு. இங்கிலாந்துல வில்லியம் லீ 1589-லயே காலுறை பின்ன ஒரு மெஷின் செஞ்சுட்டார். ஆனா குரோஷாவை அச்சு அசலா கை போடுற மாதிரி போட்டுத்தர மெஷின் இன்னும் புழக்கத்துக்கு வரல. அதனால கடையில குரோஷா டாப் ஒண்ணு 500 ரூபாய்க்குத் தொங்குறதைப் பார்த்தா, அதுல யாரோட கை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும், அந்தக் கைக்கு என்ன கிடைச்சிருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

அப்புறம் அந்தப் பிரபலமான கேள்வி: “சென்னை வெயிலுக்கு ஸ்வெட்டரா?” ஸ்வெட்டரே பின்னணும்னு யார் சொன்னா? காட்டன் நூல்ல பை, கோஸ்டர், பாத்திரம் துடைக்கிற துணி, குழந்தைத் தொப்பி எல்லாம் பின்னலாம். அதோட, நான் பின்னுறது எனக்கில்ல. ஷில்லாங்ல குளிருது, ஊட்டியில குளிருது.

ஒரு தொப்பியின் கணக்கு

தெரிஞ்சவங்களுக்குப் பின்னும்போது அளவு எடுக்கலாம். தெரியாதவங்களுக்கு? அதனாலதான் அளவு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் சமாளிக்கிற பொருளா எடுப்பாங்க. ஸ்கார்ஃப், போர்வைச் சதுரம், தொப்பி.

தொப்பியையே எடுத்துக்கலாம். பெரியவங்க தலைச் சுற்றளவு பெரும்பாலும் 54-லிருந்து 58 செ.மீ.க்குள்ள இருக்கும். இழுபடுற துணிங்கிறதால தொப்பியை 50 செ.மீ.க்குப் பின்னினா தலையில கச்சிதமா உட்காரும். முதல்ல கையளவு ஒரு மாதிரி பின்னி, 10 செ.மீ.ல எத்தனை வளையம் வருதுன்னு எண்ணுவேன். என் கைக்கு 20 வருது. அப்போ சுத்து முழுக்க 100 வளையம். உயரத்துக்கு ஐம்பது வரிசைக்கு மேல. உச்சியில குறுகுறதைக் கழிச்சாலும் கிட்டத்தட்ட 5,000 வளையம். எனக்கு ஆறேழு மணி நேரம். அதாவது ஆபீஸ் விட்டு வந்து நாலஞ்சு சாயங்காலம்.

இந்த நாலஞ்சு சாயங்காலம்தான் விஷயமே. பரிசு பரிமாற்றத்துல சேரும்போது எல்லாரும் ஒரு சின்னக் குறிப்பு எழுதித் தருவாங்க. பிடிச்ச நிறம், பிடிக்காத நிறம், கம்பளி உடம்புக்கு ஒத்துக்குமா, வீட்டுல நாய் பூனை உண்டா, துணியைக் கையால துவைப்பாங்களா மெஷின்ல போடுவாங்களா. எனக்குக் கிடைச்ச ஒரு குறிப்புல “பாசிப்பச்சை பிடிக்கும், கம்பளி பட்டா அரிக்கும்”னு ரெண்டே வரி. அந்த ரெண்டு வரியை வெச்சுக்கிட்டு நான் நாலு கடை ஏறி இறங்கி அந்தப் பச்சையைக் காட்டன்ல தேடினேன். பேர் தவிர எதுவும் தெரியாத ஒருத்தரோட கழுத்து அரிக்கக் கூடாதேன்னு ஒரு வாரம் கவலைப்பட்டேன். என் நெருங்கின சொந்தங்களைப் பத்திக்கூட நான் தொடர்ந்து ஆறு மணி நேரம் யோசிச்சதில்ல. கிஃப்ட் கார்டு வாங்குறப்போ நம்ம கவனம் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். பின்னல்ல அதை அவசரப்படுத்தவே முடியாது.

மொய் நோட்டுல ஏறாத பரிசு

நமக்குப் பரிசுன்னா என்னன்னு நல்லாவே தெரியும். கல்யாண வீட்டு வாசல்ல மொய் நோட்டு இருக்கும். பேர், ஊர், தொகை. நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துல நாம அதைப் பார்த்து, கூடப் போட்டுத் திருப்பிச் செய்வோம். பக்கத்து வீட்டுல இருந்து பலகாரம் வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-ல பரிசைப் பத்தி எழுதின புகழ்பெற்ற ஆய்வுல சொன்னதும் இதைத்தான். பரிசுல மூணு கடமை இருக்கு: கொடுக்கணும், வாங்கிக்கணும், திருப்பிச் செய்யணும்.

கைப்பின்னலும் இப்படிக் கணக்குக்குள்ள இருந்ததுதான். லாட்வியாவுல பொண்ணுங்க கல்யாணத்துக்கு முன்னாடியே பெட்டி நிறைய கையுறை பின்னிச் சேர்த்து வெப்பாங்க. அது மாப்பிள்ளை வீட்டாருக்கும் கல்யாண விருந்தாளிகளுக்கும் போகும். சீர்வரிசை மாதிரிதான். ஆனா 2006-ல அவங்க தலைநகர் ரிகாவுல நேட்டோ மாநாடு நடந்தப்போ, வந்தவங்களுக்குக் கொடுக்க 4,500 ஜோடி கையுறையைக் கையாலயே பின்னினாங்க. சொந்தத்துக்குன்னு இருந்த பரிசு, முன்பின் தெரியாதவங்களுக்குப் போச்சு.

அந்நியர்களுக்குள்ள நடக்குற பரிமாற்றத்துல ஒரு அழகான ஏற்பாடு உண்டு: வளையம். நான் உங்களுக்கு, நீங்க எனக்குன்னு ஜோடி போட மாட்டாங்க. முதல் ஆள் ரெண்டாவது ஆளுக்கு, ரெண்டாவது மூணாவதுக்கு, கடைசி ஆள் முதல் ஆளுக்கு. நான் கொடுத்தவர்கிட்ட இருந்து எனக்கு எதுவும் வராது. அதனால “நான் சால்வை அனுப்பினேன், அவங்க வெறும் கோஸ்டர் அனுப்பினாங்க”ன்னு ஒப்பிட வழியே இல்ல.

பரிசு வளையம்ங்கிறது புதுசும் இல்ல. பப்புவா நியூ கினி பக்கத்துல ட்ரோப்ரியண்ட் தீவுகள்ல நடக்குற ‘குலா’ பரிமாற்றத்தைப் பத்தி மாலினோவ்ஸ்கி 1922-ல எழுதினார. சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு ஒரு திசையில சுத்தும், சிப்பிக் கைவளைகள் எதிர்த்திசையில சுத்தும். யாரும் நிரந்தரமா வெச்சுக்க மாட்டாங்க. அங்க கூட்டாளி யாருன்னு தெரியும், உறவு பரம்பரையா நீளும். நம்ம பின்னல் வளையத்துல அதுவும் கிடையாது. ஒரு தடவை கொடுத்து முடிஞ்சா, அவ்வளவுதான்.

பார்சல் வரலைன்னா?

இங்கதான் சிக்கல். கணக்கு இல்லைன்னா, ஏமாத்துறதும் சுலபம். என் ரெண்டாவது பரிமாற்றத்துல எனக்கு எதுவுமே வரல. நான் என் பங்கை முடிச்சு, பார்சல் போட்டு, ரசீதை போட்டோ எடுத்து அனுப்பியாச்சு. ஒரு மாசம் ஆச்சு, ரெண்டு மாசம் ஆச்சு. எனக்கு அனுப்ப வேண்டியவர் பதிலே சொல்லல. தொலைஞ்ச பொருளோட மதிப்பு 300 ரூபாய் இருக்கும். ஆனா வந்த கோபம் அதுக்கு மேல. “யாருமே நம்மளைப் பத்தி யோசிக்கல”ங்கிற நினைப்பு அது. இனிமே யாருக்கும் எதுவும் பின்ன மாட்டேன்னு ஊசியை எடுத்து டிராயர்ல போட்டேன்.

இதுக்குன்னே சில குழுக்கள்ல ‘ஏஞ்சல்’னு ஒரு ஏற்பாடு வெச்சிருப்பாங்க. யாராவது கைவிட்டுட்டா, அவங்க இடத்துல தானா முன்வந்து பின்னித் தர்றவங்க. அவங்களுக்குத் திரும்ப எதுவும் கிடைக்காது. மூணு வாரம் கழிச்சு எனக்கு மஞ்சள் நூல்ல ஒரு பை வந்துச்சு. பிரிச்சப்போதான் எனக்கு இந்த முழு விளையாட்டும் புரிஞ்சுது. வளையத்தைப் பிடிச்சு நிறுத்துறது விதிமுறை மட்டும் இல்ல. கணக்குப் பார்க்காத ரெண்டு மூணு பேர் அதுல எப்பவும் இருக்கணும். அடுத்த சுத்துல நான் ஏஞ்சலா பேர் கொடுத்தேன்.

அவங்களுக்கு அது வேணுமா?

பின்னுற சந்தோஷத்துல மறந்துபோற கேள்வி இது. ஆஸ்திரேலியாவுல ஃபிலிப் தீவுப் பக்கம் எண்ணெய்க் கசிவுல மாட்டின குட்டிப் பென்குவின்களுக்கு ஸ்வெட்டர் போட்டு விட்டாங்க. அலகால இறகைக் கோதும்போது எண்ணெய் வயித்துக்குள்ள போயிடக் கூடாதுன்னு அந்த ஏற்பாடு. செய்தி பரவினதும் உலகம் முழுக்க இருந்து ஸ்வெட்டர் குவிஞ்சுது. அவ்வளவு பென்குவினுக்கு எங்க போறது? மிச்சத்தைப் பொம்மைப் பென்குவின்களுக்குப் போட்டு, நிதிக்காக வித்தாங்க. நல்ல முடிவுதான். ஆனா பின்னினவங்க நினைச்சது பொம்மையை இல்ல.

டென்மார்க்ல 2013-ல குறைமாதக் குழந்தைகளுக்குக் குரோஷா ஆக்டோபஸ் பொம்மை கொடுக்க ஆரம்பிச்சாங்க. அந்தக் கால்களைப் பிடிச்சுக்கிட்டா குழந்தை அமைதியாகுதுன்னு பெற்றோர்கள் சொன்னாங்க. அதுக்கு உறுதியான மருத்துவ ஆதாரம் இன்னும் இல்ல. அங்க சுத்தமான காட்டன் நூல், கால்களோட நீளத்துக்கு வரம்பு, சூடான தண்ணியில துவைக்கிற தரம்னு கறாரான விதி உண்டு. கால் நீளமா இருந்தா குழந்தை கழுத்துல சுத்திக்கும். இங்க பின்னுறவங்க ரசனைக்கு இடமில்ல, குழந்தையோட பாதுகாப்புதான் முதல்ல.

தேவையைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டா என்ன ஆகும்னும் பாருங்க. முதல் உலகப் போர்ல பதுங்குகுழித் தண்ணியில ஊறி ஊறிச் சிப்பாய்களோட கால் அழுகிப் போச்சு. அவங்களுக்கு முதல்ல வேண்டியது காய்ஞ்ச சாக்ஸ். ஆஸ்திரேலியாவுல மட்டும் தன்னார்வலர்கள் 13 லட்சத்துக்கும் அதிகமான ஜோடி பின்னி அனுப்பினாங்க. சிலர் சாக்ஸுக்குள்ள ஒரு சீட்டு எழுதி வெச்சாங்க. யாருக்குப் போகும்னே தெரியாம. நம்ம சென்னையிலயும் 2016 ஜனவரி 31-ல ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்’ குழு 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையை விரிச்சு கின்னஸ் சாதனை படைச்சுது. பல ஊர்ப் பெண்கள் தனித்தனியாப் பின்னின துண்டுகளைச் சேர்த்த போர்வை அது. சாதனை முடிஞ்சதும் அது போர்வை தேவைப்படுறவங்களுக்குன்னு போச்சு.

நீங்க தொடங்கணும்னா

ஹாஸ்டல்லயோ ஆபீஸ்லயோ ஆறு பேர் போதும். அதிகம் பழகாத ஆறு பேரா இருந்தா இன்னும் நல்லது. சீட்டுக் குலுக்கி வளையம் போடுங்க. நூல் செலவுக்கு ஒரு உச்சவரம்பு வைங்க, காசுள்ளவங்க ஜெயிக்கிற போட்டியா மாறிடக் கூடாது. தேதி ரெண்டு வைங்க: முடிக்க ஒண்ணு, அனுப்ப ஒண்ணு. தொடங்குறதுக்கு முன்னாடியே ஒரு ஏஞ்சலைப் பிடிச்சு வைங்க. பின்னத் தெரியாதவங்க ஒரு சதுரத்துல இருந்து ஆரம்பிக்கலாம். ஒரு வார இறுதியில அடிப்படைத் தையல் கைக்கு வந்துடும்.

பார்சல் கட்டும்போது ரெண்டு விஷயம் மறக்காதீங்க. எப்படித் துவைக்கணும்னு ஒரு சின்னச் சீட்டு. அப்புறம், அதே நூல்ல ஒரு ரெண்டு மீட்டர் சுத்தி உள்ள போடுங்க. என்னைக்காவது ஒரு வளையம் அறுந்தா, அவங்களே தைச்சுக்கலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரைக்கும் கை சும்மா இருக்க வேணாம்.