தீட்டு நின்றபின் இரத்தம் பட்டால்

தாய்மார்களே! மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், "சூட்டினால வந்தது, தானே நின்னு போகும்" என்று இருந்துவிடாதீர்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு இது புற்றுநோயாக இராது. ஆனால் கருப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இந்த அடையாளத்தோடுதான் வருகிறது.

இந்நோய் கருப்பையின் உட்சவ்வில் தொடங்கி, மெல்லத் தசைச்சுவருக்குள் இறங்கும். சுவரின் பாதிக் கனத்தைத் தாண்டுமுன் கண்டுகொண்டால், கருப்பையை அகற்றும் ஆபரேஷனே பலருக்குப் போதும்.

எல்லாக் கட்டிக்கும் ஒரே குணமில்லை. ஸ்கேனில் உட்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால், சிறிது சதை எடுத்துச் சோதிப்பார்கள். புற்று என்று தெரிந்தால் அதிலுள்ள புரதங்களையும் பார்ப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தால் பெரும்பாலும் மெதுவாக வளரும் வகை. பி-53 புரதம் கெட்டிருந்தால் வேகமாகப் பரவும். சிகிச்சையும் கூடுதலாக வேண்டும். மரபணுப் பிழையைத் திருத்தும் புரதம் காணாவிட்டால், நோய் குடும்பவழி வந்ததா என்றும் விசாரிக்க வேண்டும். அது உங்கள் பிள்ளைகளுக்கும் காவல்.

வெட்கம் எதுக்கு? மகளிடமோ மருமகளிடமோ சொல்லுங்கள். மார்த்தாண்டம் பகுதித் தாய்மார்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேட்டு, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நாள் கடத்தாதீர்கள்.